ஒண்ணுக்குத் துவாரம் கீழே இருக்கிற பையனுக்கு ஆபரேஷன் செய்வதா வேண்டாமா? பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தென் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் அறுவைப் பிரிவில் நான் செவிலியர். ஓபியில் டாக்டர் பேசி முடித்ததும் வெளியே போன பெற்றோர், பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து என் மேஜை ஓரத்தில் நிற்பார்கள். "சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா?" அப்படிக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வதற்கு இது மாற்றாகாது. அவரிடம் பேசப் போகுமுன் ஒருமுறை கணவனும் மனைவியும் சேர்ந்து படித்துவிட்டுப் போனால் பேச்சு தெளிவாக இருக்கும்.

எங்க பையனுக்கு என்னதான் பிரச்சினை? சீட்டில் ஹைப்போஸ்பேடியாஸ்னு எழுதியிருக்கு.

சிறுநீர் வரும் துவாரம் ஆணுறுப்பின் நுனியில் இருக்க வேண்டும். சில ஆண் குழந்தைகளுக்கு அது அடிப்பக்கத்தில், கொஞ்சம் கீழே தள்ளி இருக்கும். ஏறத்தாழ 250 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் ஓபியில் ஒரு வாரம்கூட இந்தச் சீட்டு வராமல் இருந்ததில்லை.

கர்ப்பத்தின் மூன்றாவது மாதத்தை ஒட்டி, சிறுநீர்ப் பாதையின் இரண்டு ஓரங்களும் கீழிருந்து நுனி நோக்கி மூடிக்கொண்டே வரும். ஜிப் ஏறுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அது நின்றதோ அந்த இடத்தில் துவாரம் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மொட்டிலேயே (உறுப்பின் தலைப்பகுதி) அல்லது மொட்டுக்குச் சற்றுக் கீழேதான் நின்றிருக்கும். சிலருக்கு நடுத்தண்டில். இன்னும் சிலருக்கு விதைப்பை தொடங்கும் இடத்திலோ அதற்கும் கீழேயோ இருக்கும். கூடவே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முன்தோல் மேல்பக்கம் மட்டும் குல்லா போலத் தொங்கி, அடிப்பக்கம் இல்லாமல் இருக்கும். உறுப்பு விறைக்கும்போது கீழ்நோக்கி வளையலாம். துவாரம் எங்கே இருக்கிறது என்பதைப் போலவே இந்த வளைவும் முடிவெடுக்க முக்கியம். ஆனால் வளைவைப் பற்றிப் பெற்றோர் யாரும் கேட்பதேயில்லை.

இவன் ஆம்பளப் பிள்ளைதானே சிஸ்டர்?

இந்தக் கேள்வியை உரக்கக் கேட்பது பெரும்பாலும் அப்பத்தாதான். அம்மா கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு விரைகளும் விதைப்பையில் கைக்குத் தட்டுப்பட்டு, துவாரம் மட்டும் சற்றுக் கீழே இருந்தால், அவன் ஆண் குழந்தை. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ஆனால் விரை ஒன்றோ இரண்டோ தட்டுப்படவில்லை என்றாலும், துவாரம் மிகக் கீழே இருந்தாலும், டாக்டர் ரத்தப் பரிசோதனை, குரோமோசோம் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எழுதுவார். அதைத் தள்ளிப்போடாதீர்கள். அதிலும் பிறந்த குழந்தைக்கு இரண்டு விரையுமே தட்டுப்படாமல் இருந்தால் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம். அட்ரினல் சுரப்பிக் குறைபாடு உள்ள பெண் குழந்தைகூட வெளிப்பார்வைக்கு இப்படித் தெரியலாம். அந்தக் குறைபாட்டில் உடலின் உப்புச்சத்து இறங்கி, பிறந்த இரண்டாம் வாரத்திலேயே வாந்தி, சோர்வு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஆபரேஷனுக்கு முன் அவசரம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

ஆணா பெண்ணா என்று உடனே சொல்ல முடியாத குழந்தைகளும் பிறக்கிறார்கள். அவர்களை ஏதோ ஒரு பக்கமாக்கிவிடும் அறுவையைச் சிசுப் பருவத்தில் செய்யக்கூடாது என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி இந்த அறுவைக்குத் தடை என்று ஆணை போட்டது. ஆகவே பரிசோதனை முடிவுகள் வருமுன் யாராவது "சின்ன ஆபரேஷன், சரி பண்ணிடலாம்" என்றால், முடிவு வரட்டும் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நான் மாசமா இருக்கும்போது ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

இல்லை. கிரகணத்தில் வெளியே வந்ததால் இல்லை, பப்பாளி தின்றதால் இல்லை, வண்டியில் போனதால் இல்லை.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு தாய், ஏழு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்ன எதையும் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டபோதுதான் சொன்னார். கிரகணத்தன்று அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்தாராம். அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று மாமியார் ஏழு மாதமாகச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அந்தப் பாரத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், "பண்ணிடுங்க" என்றுதான் சொல்வார். செய்த தப்புக்குப் பரிகாரம் போல. அதனால்தான் இந்தக் கேள்வியை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும் என்கிறேன்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. குடும்பத்தில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளிடம் கூடுதலாகப் பார்க்கிறோம். அவ்வளவுதான்.

ஆபரேஷன் செஞ்சே ஆகணுமா?

எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. இந்தக் கேள்வியை யாரும் அவசரப்பட்டுக் கடந்துபோகக் கூடாது.

துவாரம் நடுத்தண்டிலோ அதற்குக் கீழேயோ இருந்து, வளைவும் தெளிவாக இருந்தால், செய்வதற்கான காரணங்கள் பலமானவை. நின்றபடி சிறுநீர் கழிக்க முடியாது, காலில் வழியும். வளர்ந்த பிறகு உடலுறவு வலிக்கும் அல்லது முடியாமல் போகும். விந்து வெளிவரும் இடம் கீழே இருப்பதால் குழந்தை உண்டாவதும் சிரமமாகலாம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்திலேயே செய்வது நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

துவாரம் மொட்டிலேயே சற்றுக் கீழே மட்டும் இருந்து, உறுப்பு நேராக இருந்து, சிறுநீர் ஒரே தாரையாக முன்னோக்கிப் போனால், கதை வேறு. அங்கே அறுவையால் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் தோற்றம்தான். ஜெர்மனியில் நடந்து 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேறு காரணத்துக்காக மருத்துவமனைக்கு வந்த 500 ஆண்களைப் பார்த்தார்கள். அதில் 65 பேருக்குத் துவாரம் இயல்பான இடத்துக்குக் கீழே இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நின்றபடி சிறுநீர் கழித்துக்கொண்டு, இல்லற வாழ்க்கையும் நடத்திக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள்.

லேசான நிலையில் "இப்போது வேண்டாம், பார்த்துக்கொள்வோம்" என்பதும் முழுமையான, மரியாதையான முடிவு. கையாலாகாத பெற்றோர் எடுக்கும் முடிவு என்று யாரும் நினைக்கக் கூடாது. டாக்டர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பலர் சொல்கிறார்கள். சிலர் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: "செய்யாம விட்டா இவனுக்கு என்ன ஆகும் சார்?"

இரண்டுக்கும் நடுவில் வரும் பிள்ளைகள்தான் கடினம். துவாரம் மொட்டுக்குச் சற்றுக் கீழே, வளைவு கொஞ்சம், தாரை கொஞ்சம் சாய்ந்து போகும். இங்கே ஒரே அனுபவமுள்ள இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இருவரும் தப்பில்லை. இந்த இடத்தில் தராசைச் சாய்ப்பது உங்கள் குடும்பம் எதை எவ்வளவு பெரிதாக எண்ணுகிறது என்பதுதான். பள்ளிக்கூடக் கழிவறையில் மற்ற பையன்கள் பார்ப்பார்களே என்ற பயமா? தேவையில்லாத கத்தி என் பிள்ளை மேல் படக்கூடாது என்ற எண்ணமா? டாக்டருக்கு உடம்பு தெரியும். உங்கள் வீடு தெரியாது. அதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

எந்த வயசுல செய்யறது? பெரியவனாகி அவனே முடிவு பண்ணட்டும்னு விட்டா என்ன?

செய்வதானால் 6 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் என்று பெரும்பாலான மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. அந்த வயதில் புண் சீக்கிரம் ஆறும். டயப்பர் போடும் பிள்ளை என்பதால், அறுவைக்குப் பிறகு சிறுநீர் வெளியேற வைக்கும் டியூபைப் பார்த்துக்கொள்வது எளிது. தன் உறுப்பைப் பற்றிய கவனம் இன்னும் வந்திருக்காது, நினைவிலும் நிற்காது. 18 மாதம் தாண்டிவிட்டால் வாய்ப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூன்று, நான்கு வயதில் வரும் பிள்ளைகளுக்கும் செய்கிறோம்.

அவனே முடிவு செய்யட்டும் என்று காத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது அவன் உடம்பு. லேசான நிலையில் நான் அதை மதிக்கிறேன். ஆனால் காத்திருப்பதற்கும் விலை உண்டு. வயதுவந்த பிறகு செய்தால் விறைப்பினால் வலி கூடும், தையல் இழுபடும். சிக்கல்கள் சிறுவயதைவிடக் கூடுதலாக இருக்கும் என்றே பல அறுவை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வளைவு அதிகமுள்ள பையன் பதினைந்து வயது வரை அதைத் தனியாகச் சுமக்க வேண்டியும் வரும். கூச்சத்தில் அப்பாவிடம்கூடச் சொல்ல மாட்டான்.

ஆபரேஷன்ல என்ன செய்வாங்க? ஒரே தடவையில முடிஞ்சிருமா?

வளைவை நேராக்குவது, துவாரத்திலிருந்து நுனி வரை புதுக் குழாய் அமைப்பது, மேலே தோல் மூடுவது என்று மூன்று வேலை. லேசான நிலைகளுக்கு இன்று பரவலாகச் செய்யும் முறை 1994-இல் அமெரிக்க மருத்துவர் வாரன் ஸ்னாட்கிராஸ் வெளியிட்டது. அங்கே இருக்கும் பட்டையான திசுவின் நடுவில் கீறி, அகலமாக்கி, குழாயாகச் சுருட்டித் தைப்பார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம்.

துவாரம் மிகக் கீழே இருந்தாலோ வளைவு கடுமையாக இருந்தாலோ இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் நேராக்கி, முன்தோலை எடுத்து அங்கே பதித்துவிடுவார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் ஆறவிட்டுப் பிறகு குழாய் செய்வார்கள். "ரெண்டு ஆபரேஷனா?" என்று அதிர்ச்சியடைவது முதல் அறுவை முடிந்த பிறகு நடக்கக்கூடாது. முன்பே கேட்டுவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு உறுப்பு சிறிதாக இருந்தால் முன்கூட்டியே ஹார்மோன் ஊசி அல்லது களிம்பு கொடுப்பதும் உண்டு.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்கும்னு வாட்ஸப்ல வந்துச்சே?

அந்தச் செய்திக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் மயக்கம் கொடுப்பதோ, திரும்பத் திரும்பக் கொடுப்பதோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தது. மறுபக்கம், குடலிறக்க அறுவைக்கு வந்த கைக்குழந்தைகளை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரே தடவை மயக்கம் பெற்ற பிள்ளைகளுக்கும், மயக்கமில்லாமல் முதுகில் மரத்துப்போகும் ஊசி மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை.

உங்கள் மகனுக்கு ஆகும் நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழலாம். அதனால் மயக்க மருந்து டாக்டரைத் தனியாகப் பார்த்து, எவ்வளவு நேரம், எத்தனை தடவை என்று கேளுங்கள். செய்யத்தான் வேண்டும் என்ற நிலையில் இந்தப் பயத்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம். தோற்றத்துக்காக மட்டும் என்ற நிலையில், தராசில் இதையும் ஒரு தட்டில் வையுங்கள்.

என்ன தப்பாகலாம்?

அதிகம் பார்ப்பது, தைத்த இடத்தில் பக்கவாட்டில் சின்ன ஓட்டை விழுந்து அங்கேயும் சிறுநீர் கசிவது. அடுத்தது நுனித் துவாரம் சுருங்கி, பிள்ளை முக்கி முக்கிப் போவது. மொட்டில் தையல் பிரிவது, வளைவு திரும்புவது, புதுக் குழாய் பை போல உப்புவது இவையும் உண்டு. சரிசெய்ய மறுபடியும் அறுவை தேவைப்படலாம். அதற்கும் ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும்.

துவாரம் நுனிக்கு அருகில் இருக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். மிகக் கீழே இருக்கும் நிலையில் கணக்கு வேறு. பல வருஷம் தொடர்ந்து பார்த்தால் பாதிப் பேர் வரை மறுபடியும் ஆபரேஷன் மேஜைக்கு வர நேரிடுகிறது. சில சிக்கல்கள் வயதுக்கு வரும் பருவத்தில்தான் தெரியும்.

பொதுக் கணக்கைவிட உங்களுக்கு உதவுவது, உங்கள் டாக்டரின் கணக்கு. "வருஷத்துக்கு எத்தனை பண்ணுவீங்க சார், அதுல எத்தனை பேர் திரும்பி வருவாங்க?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவே அல்ல. அடிக்கடி செய்யும் டாக்டர் தயங்காமல் பதில் சொல்வார்.

எங்க வீட்ல சுன்னத் செய்யணும். அதை முதல்ல முடிச்சிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். புதுக் குழாய்க்கும் மேல்மூடலுக்கும் அந்த முன்தோல்தான் துணி. அதை எடுத்துவிட்டால் பிறகு வாயின் உள்பக்கத் தோலைக்கூட எடுக்க நேரிடலாம். முன்தோல் அடிப்பக்கம் இல்லாமல் பிறந்த பிள்ளையைப் "பிறவியிலேயே சுன்னத் ஆனவன்" என்று சில வீடுகளில் கொண்டாடுவார்கள். துவாரம் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டாக்டரிடம் முன்பே சொன்னால், அறுவையின் போதே சுன்னத்தும் ஆகிவிடும்படி முடிப்பார். முன்தோலை வைத்திருக்க விரும்பும் குடும்பங்களும் அதை முன்பே சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு அதுவும் முடியும்.

"நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க டாக்டர்"னு சொல்லிட்டோம். அது போதாதா?

அந்த நம்பிக்கையின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் போதாது.

எங்கள் வார்டில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். அறுவைக்கு முந்தின நாள் இரவு எட்டரை மணி. பயிற்சி டாக்டர் கையில் நான்கு பக்கப் படிவம். பென்சிலால் மூன்று இடத்தில் டிக் போட்டிருப்பார். "இங்க, இங்க, அப்புறம் இங்க." அப்பா சட்டைப் பையில் பேனாவைத் தேடுவார். அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒருநாள் ஒரு தகப்பனார், கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, "சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருதடவை படிச்சுக் காட்டுங்க" என்றார். பயிற்சி டாக்டர் திகைத்துப் போனாலும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தார். ஓபி சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். அரை மணி நேரம் ஆனது. அன்றைக்குத்தான் அது சம்மதம்.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சமிரா கோலி வழக்கில், சம்மதம் வாங்குமுன் மருத்துவர் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று தெளிவாக்கியது: என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும். ஒரு அறுவைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்து, உயிரைக் காக்கும் அவசரம் இல்லாதபோது, இன்னொரு அறுவை செய்யக்கூடாது என்றும் சொன்னது. ஆகவே கேட்பது உங்கள் உரிமை.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்கு உண்டு. பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது "ஏம்மா எனக்குப் பண்ணினீங்க?" என்று கேட்பான். "டாக்டர் சொன்னாரு" என்ற பதில் அவனுக்கும் போதாது, உங்களுக்கும் போதாது.

நான் வேணாங்கிறேன், அவர் செய்யணுங்கிறார். என்ன செய்யறது?

சண்டை அறுவையைப் பற்றியதாக இருக்காது. இருவரும் வேறு வேறு எதற்கோ பயப்படுகிறீர்கள். அப்பாவுக்குப் பெரும்பாலும் பையனின் கல்யாணத்தை நினைத்துப் பயம். அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடும் அந்த நிமிஷத்தைப் பற்றிய பயம். நான் இருவரிடமும் தனித்தனிக் காகிதம் கொடுத்து, "உங்களுக்கு எது ரொம்பப் பயம்னு ஒரு வரி எழுதுங்க" என்பேன். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் சொல்வார்கள், நான் எழுதுவேன். பிறகு காகிதத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். பாதிப் பிரச்சினை அங்கேயே கரைந்துவிடும்.

அப்பா துபாயிலோ திருப்பூரிலோ இருந்தால், டாக்டர் பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட அனுமதி கேளுங்கள். அம்மா கேட்டுவந்து ராத்திரி போனில் ஒப்பிப்பதில் பாதி மாறிப்போகும். பிறகு ஏதாவது ஆனால் பழி முழுக்க அம்மா மேல் விழும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முடிவாகாவிட்டால் மூன்று மாதம் கழித்து வாருங்கள். இந்தத் துவாரம் அதற்குள் எங்கும் ஓடிப்போகாது.

வேற டாக்டர்கிட்ட காட்டினா இவர் கோவிச்சுக்குவாரா?

மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல். குழந்தைகள் அறுவை நிபுணர் அல்லது குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். "இந்த வாரமே பண்ணணும், டேட் போட்டுடலாமா" என்று யாராவது அவசரப்படுத்தினால், மேலே சொன்ன விரை விஷயம் தவிர்த்து, இதில் அவசரம் எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

செலவு?

அரசு மருத்துவமனையில் அறுவைக்குக் கட்டணம் இல்லை. தனியார் மருத்துவமனையானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா பாருங்கள். உங்கள் பிள்ளைக்குச் சொன்ன அறுவை அந்த மருத்துவமனையில் திட்டத்தில் வருமா, இரண்டாம் கட்டமும் வருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். கடன் வாங்கி வைத்துவிட்டோமே என்பதற்காக அவசரப்பட்டுத் தேதி வாங்கியவர்களும் உண்டு. வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்ல எப்படி இருக்கும்?

கடினமான பகுதி இதுதான். அன்று காலையே தொடங்கிவிடும். பால்புட்டி, திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்பு, தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு. பசியில் அழும் பிள்ளையைத் தாய் வைத்திருந்தால் மார்பைத் தேடும். அப்பாவோ சித்தியோ தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடங்கள்.

பிறகு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை டியூப் இருக்கும். நாங்கள் இரண்டு டயப்பர் போடச் சொல்லித்தருவோம். உள் டயப்பரில் சின்ன ஓட்டை போட்டு டியூபை வெளியே எடுத்து, மேலே இன்னொன்று. உள்ளது மலத்துக்கு, வெளியே உள்ளது சிறுநீருக்கு. டியூப் மடங்காமல் பாருங்கள். மூத்திரப் பை இழுத்துப் பிடிப்பதால் பிள்ளை திடீரென்று முழங்காலை மடக்கிக்கொண்டு வீறிடும். அதற்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரும் எதிர்பார்க்காத கஷ்டம் ஒன்று: இரண்டு, மூன்று வாரம் இடுப்பில் வைத்துத் தூக்கக்கூடாது. காலை விரித்து உட்கார்ந்தால் தையலில் அழுத்தம் விழும். இடுப்பில் வைத்தே வளர்த்த பிள்ளையைக் குறுக்கே கிடத்தித் தூக்குவது அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் பிடிக்காது. அறுவைக்கு ஒரு வாரம் முன்பே பழகிவிடுங்கள். வீக்கமும் கறுப்பும் பார்த்துப் பயப்படாதீர்கள், சில வாரங்களில் வடியும். காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ, ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தாலோ உடனே வந்துவிடுங்கள்.

பையன்கிட்ட சொல்லணுமா?

சொல்லுங்கள். ஒரு முறை பத்தொன்பது வயதுப் பையன் தனியாக ஓபிக்கு வந்தான். குழந்தைகள் பிரிவு என்று தெரிந்தும் வந்து, நெடுநேரம் நின்று, கடைசி ஆளாக என்னிடம் கேட்டான்: "எனக்கு சின்ன வயசுல இங்க என்னமோ பண்ணிருக்காங்க. என்ன பண்ணாங்கன்னு தெரியுமா சிஸ்டர்?" தழும்பு இருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன கசிவும் இருந்தது. வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஏதோ பெரிய கேடு என்று நினைத்து இரண்டு வருஷமாகத் தூங்காமல் இருந்திருக்கிறான். முறையான டாக்டரிடம் அனுப்பினோம், அந்தக் கசிவு அடைக்கக்கூடியதுதான்.

நாலைந்து வயதில் "உனக்கு ஒண்ணுக்குப் போற ஓட்டை கொஞ்சம் கீழ இருந்துச்சு, டாக்டர் மேல கொண்டுவந்தாரு" என்று சொன்னால் போதும். வயது ஏற ஏற மிச்சத்தைச் சொல்லலாம். அறுவை செய்யாதவர்களும் இதேபோல் சொல்ல வேண்டும். சொந்தபந்தங்களிடம் சொல்வது உங்கள் விருப்பம். "மூத்திரக்குழாய்ல சின்ன ஆபரேஷன்" என்றால் போதும், அதற்கு மேல் அவனுடைய விஷயம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். ஆதார், ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பையில் வையுங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள்.

முடிவு எடுத்த பிறகும் மனசு உறுத்துதே?

உறுத்தும். அறுவை செய்த பெற்றோரிடம் பிறகு கேட்டறிந்த ஆய்வுகளில், கணிசமானவர்கள் ஓரளவாவது உறுத்தல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். செய்யாமல் விட்டவர்களுக்கும் உண்டு. முடிவெடுக்கும்போது தயக்கத்தை வெளியே சொல்ல இடம் கிடைக்காதவர்களுக்கு அது நீண்டகாலம் தங்குகிறது என்பது என் அனுபவம். ஓட்டை விழுந்து திரும்பி வரும் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்பார். நீங்கள் என்ன செய்தீர்கள் மன்னிப்புக் கேட்க? தெரிந்ததை வைத்து, பிள்ளையின் நன்மைக்காக முடிவெடுத்தீர்கள். வாருங்கள், அடுத்ததைப் பார்ப்போம்.

அடுத்த ஓபிக்கு வரும்போது என்ன கொண்டு வரணும்?

பழைய சீட்டு, ஸ்கேன், பிரசவச் சுருக்கம். எழுதி வைத்த கேள்விகள். முடிந்தால் இருவருமாக வாருங்கள். கூடவே பிள்ளை ஒண்ணுக்குப் போவதை ஒரு சின்ன வீடியோ எடுத்து வாருங்கள். முகம் தெரிய வேண்டாம், தாரை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் போதும். உறுப்பு விறைத்திருக்கும்போது பக்கவாட்டில் ஒரு படமும் எடுங்கள். வளைவு எவ்வளவு என்று ஓபியில் தூங்கும் பிள்ளையைப் பார்த்துச் சொல்ல முடியாது. டாக்டரிடம் காட்டியபின் போனிலிருந்து அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். காலையில் எழுந்ததும் எடுப்பது நல்லது. ராத்திரி முழுக்கத் தேங்கியிருக்கும், தாரை நன்றாகத் தெரியும்.